கிரிப் றிப்போட்: நான் ஏறியும் பாக்காத ஆட்டோவுக்கு என்ர தலையில கடன் (5க்கு 4)

முதலே சொல்லிப்போடுறன், இது கொத்துறொட்டிக் கடை றிவியூ இல்ல. கிரிப், கிரிப் எண்டு நாங்கள் எல்லாரும் பேய் பிசாசைச் சொல்லுற மாதிரிப் பயந்து பயந்து சொல்லுறமெல்லோ, அந்தக் கொடுகடன் தகவல் பணியகத்தின்ர (CRIB) கடன் றிப்போட்டை நானே காசு கட்டி எடுத்து, அதில எனக்குத் தெரியாத ஒரு கடன் கிடந்து, அதை எடுத்து எறிய அஞ்சு மாசம் அலைஞ்ச கதை. ஆராவது லோன் எடுக்கிற யோசனையில இருந்தா ஒருக்கா வாசிச்சுப்போட்டுப் போங்கோ.

எனக்குக் கொக்குவில் பக்கம் ஒரு சின்னத் தையல் கடை. ரெண்டு பிள்ளையள் என்னோட நிண்டு தைக்கினம். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் சாறி பிளவுஸ் ஓடர் வந்து குவியும், எங்களிட்ட இருக்கிற மெசினுகளால சமாளிக்கேலாது, போன வருசம் கன பேரைத் திருப்பி அனுப்பிப்போட்டன், அந்தக் கவலையில இந்த முறை ரெண்டு ஜூக்கியும் ஒரு ஓவர்லொக்கும் எடுப்பம் எண்டு மாசி மாசமே பாங்குக்குப் போய் ஆறு லட்சம் லோனுக்கு எழுதிக் குடுத்தனான். நகை கொஞ்சம் இருக்கு, கணக்கும் அதே பாங்கில தான் எத்தினையோ வருசமா, எல்லாம் சரிவரும் எண்டு தான் நினைச்சன். பத்து நாளால லோன் பார்க்கிற தம்பி கூப்பிட்டார். "அக்கா, உங்கட கிரிப்பில ஒரு லீசிங் பிழையா நிக்குது, கனகாலமாக் கட்டாமக் கிடக்கு, இப்பிடி இருந்தா மேல அனுப்பேலாது."

நான் சிரிச்சுப்போட்டன். லீசிங்கோ? வாகனம் எடுக்கிற கடனெல்லோ அது. நான் ஓடுறது லேடீஸ் சைக்கிள்.

எந்தக் கொம்பனி, எவ்வளவு காசு எண்டு கேட்டா, தங்கட கொப்பியை எனக்குக் காட்டேலாதாம், நீங்களே உங்கட பேரில எடுத்துப் பாருங்கோ எண்டிட்டார். எனக்கு அந்த இடத்தில சரியான கோவம், என்னைப் பற்றின கடுதாசியை எனக்குக் காட்டேலாதாம். ஆனா பேந்து விசாரிச்சா அவர் சொன்னது முறை தான். பாங்க் எடுக்கிற றிப்போட் பாங்க் பாக்கிறதுக்கு, எங்களுக்கு வேணுமெண்டா நாங்கள் தனியா எடுக்கோணும். அந்தத் தம்பியே போமும் தந்து, ஐசி (அடையாள அட்டை) கொப்பி வாங்கி, காசையும் கட்டுவிச்சு அனுப்பினவர். பெரிய காசில்ல. வீட்டில இருந்து ஒன்லைனிலயும் எடுக்கலாம், எனக்கு உதுகள் சரிவராது, நான் கடுதாசி ஆள்.

வீட்டை வந்து சொன்னா இவர் உடன கேட்ட கேள்வி, "ஆருக்கு கையெழுத்து வச்சனீ?" மாமி அதுக்கு மேல. போமில கொடுகடன் தகவல் பணியகம் எண்டு தமிழில கிடந்ததை எழுத்துக்கூட்டி வாசிச்சுப்போட்டு, "கொடுங்கடனோ பிள்ளை, அப்பிடி என்ன கடன் பட்டனீ" எண்டு கேட்டவ. கடன் பட்டார் நெஞ்சம் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சது, கடன் படாதவளின்ர நெஞ்சம் என்ன பாடு படும் எண்டு அண்டைக்கு இரவு தான் விளங்கினது.

உண்மையா ஒருக்கா நான் கையெழுத்து வச்சனான். 2014இல என்ர சிநேகிதி ஒருத்தி பிறிட்ஜ் எடுக்கப் பிணை நிண்டனான், அவள் கட்டி முடிச்சிட்டாள் எண்டு தான் நினைப்பு. அதுவோ இது எண்டு ஒரே யோசனை. கேக்கவும் வெக்கமா இருந்துது, பாவம் அவள், கேட்டா என்ன நினைப்பாள் எண்டு. உங்களில ஆரும் பிணை நிண்டிருந்தா தெரிஞ்சு வச்சிருங்கோ, பிணை நிண்ட கடனும் உங்கட றிப்போட்டில வரும், மற்றவர் கட்டாட்டி அது உங்கட பேரிலயும் தான் கறுப்பா நிக்கும். சும்மா கலியாண வீட்டில சாட்சிக் கையெழுத்து வைக்கிற மாதிரி வச்சுப்போட்டு வாறது இல்ல.

றிப்போட் கையில வந்துது. இனித்தான் றிவியூ.

நான் நினைச்சது ஏதோ ஒரு பக்கம், உள்ளுக்க ஒரு சிவப்பு முத்திரை குத்தி இவ கூடாதவ எண்டு எழுதி இருக்கும் எண்டு. அப்பிடி ஒண்டும் இல்ல. கனக்கப் பேர் கிரிப்பில பிளக் லிஸ்ட் பண்ணிப்போட்டினம் எண்டு சொல்லுறது பிழை, கிரிப் ஒருத்தரையும் பிளக் லிஸ்ட் பண்ணுறேல்ல, லோன் குடு, குடாத எண்டும் சொல்லுறேல்ல. 1990ஆம் ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டத்தில உண்டாக்கின ஒரு பணியகம் அது, பாங்குகளும் பினான்ஸ் கொம்பனியளும் தங்களிட்டக் கடன் எடுத்தவையின்ர விபரத்தை அங்க அனுப்பீனம், அது எல்லாத்தையும் ஆள்வாரியாச் சேத்து வைக்குது, அவ்வளவு தான். எங்கட ஊர்க் கடைக்காரர் ஆளுக்கொரு கொப்பியில கடன் எழுதி வைக்கிறவையெல்லோ, அந்தக் கொப்பி எல்லாத்தையும் ஒரு இடத்தில வச்சுப் பாக்கிற மாதிரி. எழுதினது கடைக்காரர். கொப்பி வச்சிருக்கிறவர் தானா வெட்டேலாது, கூட்டேலாது. இந்த ஒரு விசயம் விளங்கினாத்தான் மிச்சம் எல்லாம் சரிவரும், எனக்கு விளங்க ரெண்டு மாசம் எடுத்தது.

நல்லாத்தான் செய்திருக்கினம் எண்டு சொல்லோணும். நீங்கள் எடுத்த கடன் ஒரு பகுதி, பிணை நிண்டது வேற பகுதி, இவ்வளவு எடுத்தது, இவ்வளவு மிச்சம், எவ்வளவு பிந்தி நிக்குது எண்டு மாசம் மாசமாக் கிடக்கு. காசில்லாமத் திரும்பின செக் இருந்தா அதுவும் வரும். எனக்குப் பிடிச்சது கடைசியில கிடந்த பகுதி, எந்த எந்த இடத்தால உங்கட விபரத்தை எடுத்துப் பாத்தவை எண்டு. என்ர பாங்க் பாத்தது அதில கிடந்துது, சந்தோசம், வேற ஒருத்தரும் பாக்கேல்ல. உங்கட ஐசி கொப்பியைக் குடுத்து ஆரும் எங்கயும் கடன் கேட்டவையோ எண்டு சந்தேகம் இருந்தா முதல் பாக்க வேண்டிய இடம் அது தான்.

என்ர சிநேகிதியின்ர பிறிட்ஜ் அதில வில்லங்கமா நிக்கேல்ல. மனசுக்க அவளிட்ட மன்னிப்புக் கேட்டன். ஆனா என்ர பேரில ஒரு ஆட்டோ லீசிங், 2017இல எடுத்தது, நான் வாழ்க்கையில கால் வைக்காத ஒரு ஊர்க் கிளையில. நிலுவை ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம் சொச்சம். பினான்ஸ் கொம்பனியின்ர பேரை இஞ்ச எழுதேல்ல, தேவையில்ல. ஒரு கடிதம், ஒரு கோல், வாசலில ஒரு றிக்கவறி ஆள், ஒண்டும் இந்த வருசங்களில எனக்கு வரேல்ல. அது தான் எனக்கு முதல் சந்தேகத்தைத் தந்தது. எங்கட பக்கம் லீசிங் ரெண்டு மாசம் பிந்தினாலே வந்து கேற்றில நிப்பினம், இவ்வளவு காசுக்கு ஒருத்தரும் வரேல்ல எண்டா, அவை தேடிப் போற வீடு வேற எங்கயோ இருக்கு.

இப்ப வந்த புத்திமதியளைக் கேளுங்கோ. ஒருத்தர் சொன்னார், "கொஞ்சக் காசைக் கட்டிக் கதைச்சு முடியுங்கோ, அவை வட்டியைக் கழிச்சு விடுவினம், உங்களுக்கு லோன் தானே முக்கியம்." கேக்க நல்லாத்தான் இருக்கு. நானும் ஒரு இரவு முழுக்க அதைத் தான் யோசிச்சன், சீசன் வருது, மெசின் வேணும். ஆனா ஒரு ஆயிரம் ரூவா கட்டினாலும் அது என்ர கடன் எண்டு நானே ஒப்புக்கொண்டது மாதிரி, பேந்து இல்லை எண்டு நிக்க என்னட்ட என்ன கிடக்கு? கட்டி முடிச்சாலும் கட்டாம விட்டுப் பிந்திக் கட்டினவ எண்டு தான் அந்தக் கடன் என்ர பேரில கிடக்கும். ஏலாது எண்டிட்டன். தெரியாத கடனுக்கு போனிலயும் ஓம் எண்டு சொல்லாதேங்கோ, சிலர் கதைச்சுக் கதைச்சே ஓம் எண்டு சொல்ல வைப்பினம்.

அமெரிக்காவில இருக்கிற பெரியம்மாவின்ர மகன் அடுத்தவர். அண்ணாவுக்கு உது பெரிய விசயமே இல்ல. அங்க ஈக்குவிபாக்ஸ், எக்ஸ்பீரியன், ட்ரான்ஸ்யூனியன் எண்டு மூண்டு இடமாம், பிழை எண்டு எழுதிக் குடுத்தா அவை பொதுவா 30 நாளுக்க விசாரிச்சு, உறுதிப்படுத்தேலாட்டி எடுத்தே ஆகோணுமாம், கடன் அறவிடுற கொம்பனியிட்டயும் இது என்ர கடன் தான் எண்டு காட்டு எண்டு எழுத்தில கேக்கலாமாம். அதுக்கெல்லாம் 1970இலயும் 1977இலயும் வந்த சட்டங்கள் இருக்காம். சொன்னதோட நிக்காம இன்ரநெட்டில கிடந்த ஒரு கடிதத்தையும் வட்ஸப்பில அனுப்பிவிட்டார், உன்ர பேரை மட்டும் போட்டு அனுப்பு எண்டு. நானும் விசரி மாதிரிக் கொண்டுபோய்க் கொக்குவில் சந்தியடிக் கொமினிகேசனில பிறின்ட் அடிக்கக் குடுத்தன். அந்தப் பெடியன் வாசிச்சுப் பாத்திட்டு, "அக்கா, இதில 609ஆம் பிரிவு எண்டு அமெரிக்கச் சட்டமெல்லோ கிடக்கு, இதைக் கொழும்புக்கு அனுப்பி என்ன செய்யிறது?" எண்டு கேட்டான். இரவு அண்ணாவிட்டச் சொல்ல அவர் தேடிப் பாத்திட்டுச் சொல்லுறார், அங்கயும் அந்த 609 உன்ர விபரத்தைக் காட்டு எண்டு கேக்கிற பிரிவாம், பிழையைத் திருத்திறது 611ஆம் பிரிவாம், இன்ரநெட்டில கன பேர் 609 கடிதம் எழுதினா எந்தக் கடனும் அழியும் எண்டு புழுகி விக்கினமாம். அங்கயும் புழுகர் இருக்கினம் எண்டதில ஒரு சின்ன ஆறுதல்.

கொமினிகேசன் பெடியனுக்கு 5க்கு 5. அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப்போட்டு, அவன்ர கடை வாங்கில இருந்தே நானே தமிழில எழுதினன், அவன் இங்கிலீசில அடிச்சுத் தந்தான். நீட்டி முழக்கேல்ல. இந்த நம்பர்க் கடன் என்ரது இல்ல, நான் உங்கட கொம்பனியில எந்த ஒப்பந்தத்திலயும் கையெழுத்து வைக்கேல்ல, எடுத்தவை எண்டு சொல்லுற ஆளின்ர விண்ணப்பம், ஐசி கொப்பி, ஒப்பந்தத்தில இருக்கிற கையெழுத்து எல்லாத்தின்ரயும் பிரதியைக் காட்டுங்கோ, காட்டேலாட்டி கிரிப்புக்கு அனுப்பின விபரத்தைத் திருத்துங்கோ. இவ்வளவு தான். ஐசி ரெண்டு பக்கமும், றிப்போட்டில அந்தப் பக்கமும், விதானையிட்ட (கிராம சேவகர்) எடுத்த வதிவிடக் கடிதமும் வச்சு, ஒண்டு கொம்பனியின்ர தலைமைக் கந்தோருக்கு, ஒண்டு கிரிப்புக்கு, ரெண்டும் றெஜிஸ்டர் போஸ்ட்டில. துண்டை பத்திரமா வச்சிருந்தன், சாமிப் படத்துக்குப் பின்னால. எல்லாத்துக்கும் ஒரு கொப்பி உங்களிட்ட இருக்கோணும், இதை எத்தினை தரம் சொன்னாலும் காணாது.

கிரிப் என்ர முறைப்பாட்டை அந்தக் கொம்பனிக்கு அனுப்பினது. அவையால செய்யக்கூடியது அது தான், எழுதினவை திருத்தினாத்தான் திருத்தம். எனக்கு இது முதல் விளங்கேல்ல, றிப்போட் தாற ஆக்கள் தானே அழிக்கோணும் எண்டு நினைச்சுக் கொண்டு இருந்தனான்.

இனி அந்தக் கொம்பனி. யாழ்ப்பாணம் டவுனிலயும் அவைக்குக் கிளை இருக்கு, நல்ல ஏசி, நல்ல கதிரை, ரை கட்டின பெடியள். போய்ச் சொன்னா, "மிஸ், அது எங்கட பிராஞ்ச் இல்ல, அங்க போய்த் தான் கேக்கோணும்." ஏழெட்டு மணித்தியாலம் பஸ்ஸில போய் நான் எடுக்காத கடனைப் பற்றி நான் கேக்கோணுமாம். ரெண்டாம் முறை போக வேற ஒருத்தர் சொல்லுறார், கொம்பியூட்டரில உங்கட நம்பர் தான் இருக்கு, கொம்பியூட்டர் பிழை விடாது. மூண்டாம் முறை ஒரு கடிதம் தந்தினம், முழுக்கச் சிங்களத்தில. நான் எழுதினது இங்கிலீசில, நான் இருக்கிறது கொக்குவிலில, பதில் சிங்களத்தில. எங்கட ஒழுங்கையில ஆமியில இருந்து றிட்டயர் ஆன ஒருத்தரைக் கலியாணம் கட்டின அக்கா இருக்கிறா, அவவிட்டக் கொண்டுபோய் வாசிப்பிச்சா, பரிசீலிக்கிறம் எண்ட ஒரு வசனத்தைத் தான் ஒரு பக்கத்துக்கு எழுதி இருக்கினம். சேவைக்கு 5க்கு 1, அந்த ஒண்டும் கதிரைக்கு.

ஆறு கிழமை ஒரு சத்தமும் இல்ல. பேந்து தான் பாங்கில இருந்த அதே தம்பி சொன்னார் மத்திய வங்கியில நிதி வாடிக்கையாளருக்கெண்டு ஒரு திணைக்களம் இருக்கு, 1935க்கு அடிச்சுக் கேளுங்கோ எண்டு. நான் அடிச்சன். முதல் கொம்பனிக்கு எழுதிப்போட்டீங்களோ எண்டு தான் முதல் கேள்வி. எழுதின கொப்பியும் போஸ்ட் துண்டும் கையில இருந்தபடியால் வடிவாப் பதில் சொல்லக்கூடியதா இருந்துது. எழுத்தில முறைப்பாடு அனுப்பச் சொல்லிச்சினம், அனுப்பினன். நிதி ஒம்புட்ஸ்மன் எண்டும் ஒருத்தர் இருக்கிறார், அவரிட்டயும் காசில்லாம முறையிடலாம், எனக்கு அது வரைக்கும் போக வேண்டி வரேல்ல.

அதுக்குப் பிறகு பாருங்கோ வேகத்தை. ரெண்டு கிழமையால அந்தக் கொம்பனியின்ர தலைமைக் கந்தோரில இருந்து ஒரு அம்மா, நல்ல தமிழில, "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துறம்" எண்டு கோல். பைலைத் தேடி எடுத்தவையாம். அதில இருக்கிற ஐசி கொப்பி ஒரு ஆம்பிளையின்ர. கொம்பியூட்டரில ஏத்தேக்க ரெண்டு இலக்கம் பிழையா அடிச்சதால என்ர நம்பரா வந்திட்டுதாம்.

நான் அப்ப தான் ஒரு விசயம் கேள்விப்பட்டன். பழைய ஐசி நம்பரில முதல் ரெண்டு இலக்கம் பிறந்த வருசம், அடுத்த மூண்டும் வருசத்தில எத்தினையாம் நாள் எண்டது, பொம்பிளையள் எண்டா அதோட 500ஐக் கூட்டித் தான் போடுறவை. அப்ப மூண்டாவது இலக்கம் 5ஓ அதுக்கு மேலயோ இருந்தா அது பொம்பிளை, ஆம்பிளைக்கு 3ஐத் தாண்டாது. ஜனவரி ரெண்டாந் திகதி பிறந்த ஆம்பிளைக்கு 002 எண்டா பொம்பிளைக்கு 502. இது 12 இலக்கப் புது ஐசியிலயும் அப்பிடித் தான், வருசம் மட்டும் நாலு இலக்கமா வரும். ஒரு ஆம்பிளையின்ர பேரைப் போட்டு, பொம்பிளையின்ர நம்பரைப் போட்டு, 2017இல இருந்து ஒருத்தருக்கும் கண்ணில படேல்ல. கொம்பியூட்டர் பிழை விடாது எண்டு சொன்னவருக்கு இதைக் காட்டோணும் எண்டு ஒரு ஆசை கிடந்துது, போகேல்ல.

உங்கட றிப்போட்டில தெரியாத கடன் வந்தா முதல் இதைப் பாருங்கோ, அந்தக் கடனோட வந்த பேர் என்ன, விலாசம் என்ன, நம்பர் உங்கட ஐசியோட எழுத்துக்கு எழுத்து ஒத்து வருதோ எண்டு. நம்பர் பிழைச்சு வந்தது எண்டா எழுதிச் சரியாக்கலாம். உண்மையாவே உங்கட ஐசி கொப்பியை வச்சு ஆரும் கையெழுத்துப் போட்டு எடுத்திருந்தா அது வேற விசயம், அதுக்குப் பொலிசில முறைப்பாடு போட்டு அந்தக் கொப்பியையும் சேத்துக் குடுக்கோணும். அண்டையில இருந்து நான் ஆருக்கு ஐசி கொப்பி குடுத்தாலும் குறுக்கால கோடு கீறி, என்னத்துக்குக் குடுக்கிறன் எண்டும் திகதியும் எழுதித் தான் குடுக்கிறன். சிம் கடைக்காரன் ஒரு மாதிரிப் பாத்தான், பாக்கட்டும்.

கொம்பனியிட்ட, இந்தக் கடனுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல எண்டு கடிதம் கேட்டு வாங்கினன். போனில வருந்தினது காணாது, கடுதாசியில வருந்தட்டும். அதைக் கொண்டு பாங்குக்கு ஓடினா, தம்பி சொல்லுறார் றிப்போட்டிலயும் மாறினாத்தான் மேல அனுப்பலாம் எண்டு. திரும்ப ஒரு மாசம். திருத்தினதை அனுப்பினம் எண்டு அவை சொன்னாலும், நான் திரும்பக் காசு கட்டி ஒரு றிப்போட் எடுத்து என்ர கண்ணால பாத்தனான். ஆட்டோ போயிட்டுது.

இப்ப புள்ளியள். றிப்போட்டுக்கு 5க்கு 4. விபரம் காணும், விலையும் பறவாயில்ல, ஆர் பாத்தவை எண்டும் காட்டுது. ஒரு புள்ளி ஏன் வெட்டினன் எண்டா, என்ர பேரில பிழை நிண்டா நானே தான் தேடிப் பிடிக்கோணும், இதை உண்டாக்கின முறையே அப்பிடி, எழுதினவன் திருத்தும் வரைக்கும் நான் கைகட்டிக்கொண்டு நிக்கோணும். லோனுக்கு எழுதிக் குடுக்க முதல், ஒரு மூண்டு நாலு மாசத்துக்கு முந்தியே எடுத்துப் பாருங்கோ, நான் முந்தி எடுத்திருந்தா இந்தச் சீசனுக்கு மெசின் வந்திருக்கும். பாங்குத் தம்பிக்கு 5க்கு 4, முதல் நாளே 1935ஐச் சொல்லி இருந்தா 5.

லோன் ஆடி நடுப்பகுதியில பாஸ் ஆகினது. மெசின் வந்து இறங்கினது கொடியேறி மூண்டாம் நாள், அதுக்குள்ள அரைவாசி ஓடர் வேற கடைக்குப் போயிட்டுது. மாமி மெசினுக்குச் சந்தனம் குங்குமம் வச்சுப்போட்டு என்னைப் பாத்துக் கேக்கிறா, "அப்ப அந்தப் பெடியன் ஆட்டோக் காசைக் கட்டினவனோ பிள்ளை?" அந்த மனுசன் ஆரெண்டே எனக்குத் தெரியாது. இவ்வளவு வருசமும் அவரின்ர றிப்போட் என்ர தயவில பளிச்செண்டு இருந்திருக்கும், இப்ப போய் ஏதும் லோனுக்கு எழுதிக் குடுத்திருந்தா, பாவம், அவருக்கும் ஒரு தம்பி கோல் எடுத்திருப்பார்.